மந்த காலத்தில் அரசுச் செலவு: உழவர் அறிய வேண்டியவை

பயிர் வெளிறத் தொடங்கியதும் மேலுரம் இடுகிறோம். காலம் தவறி இட்ட உரத்தால் பயனில்லை என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். நாட்டில் தொழிலும் வணிகமும் தளரும்போது அரசு கூடுதலாகச் செலவிடுவதும் இதைப் போன்றதே.

ஏன் செலவிட வேண்டும்?

வேலை இழந்தவர்கள் பால், காய்கறி, பழம் வாங்குவதைக் குறைப்பர். உங்கள் விளைபொருளின் விலை சரியும். நீங்களும் செலவைச் சுருக்குவீர்கள். இச்சுழலை உடைக்க, கடன் பெற்றேனும் அரசு செலவிட வேண்டியுள்ளது. கொரோனா பரவிய 2020-21இல், 100 நாள் வேலைத் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாயுடன் மேலும் 40,000 கோடி ரூபாயை மத்திய அரசு அறிவித்தது இதற்காகவே.

மாநிலத்தின் நிலை என்ன?

வேளாண்மை, பாசனம், மருத்துவமனை ஆகியவை மாநிலப் பொறுப்பு. மந்த காலத்தில் மாநிலத்தின் வரி வருவாய் குறையும், செலவோ கூடும். எனினும் அது விரும்பிய அளவு கடன் வாங்க இயலாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கியுள்ள மாநிலம், அதன் இசைவு பெற்றே புதிய கடன் வாங்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவு.

2020 மே மாதத்தில் இந்த வரம்பு தளர்த்தப்பட்டது. மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி மதிப்பில் 100 ரூபாய்க்கு 3 ரூபாய் என்றிருந்த கடன் அளவு 5 ரூபாயாயிற்று. ஆனால் கூட்டிய 2 ரூபாயில் 50 காசுக்கு மட்டுமே நிபந்தனை இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

உழவருக்கு இதில் என்ன?

நிபந்தனைகளுள் ஒன்று உங்கள் பம்புசெட்டைப் பற்றியது. இலவச மின்சாரத்துக்குப் பதிலாக, மானியத் தொகையை உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் மாநிலம் கூடுதல் கடன் பெறலாம் என்பதே அது. மத்தியப் பிரதேசம் 2020 டிசம்பரில் விதிஷா மாவட்டத்தில் இம்முறையைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு இத்தகைய நிபந்தனைகளை எதிர்த்தது. டில்லியில் எழுதப்படும் கடன் விதி உங்கள் கிணற்றடி வரை வருவதை இதிலிருந்து உணரலாம்.

ஆகவே, புதிய திட்டம் அறிவிக்கப்பட்டால் கீழ்க்கண்டவற்றை உதவி வேளாண்மை அலுவலரிடமும் கிராம சபையிலும் கேட்டறியுங்கள்:

1. மத்திய அரசின் பங்கு எவ்வளவு?
2. மாநிலம் தன் பங்கை ஒதுக்கிவிட்டதா?
3. பணத்துடன் வரும் நிபந்தனை யாது?

இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின், அத்திட்டத்தை நம்பிச் சாகுபடிச் செலவைத் திட்டமிடுவது நலம்.