தொலைவிடத்துக் காப்புப் படி

அரிதின் முயன்று தொகுத்த பொருள் ஓரிடத்தேயே இருக்குமாயின், அவ்விடத்திற்கு நேரும் கேடு அப்பொருள் முழுவதற்கும் கேடாய் முடியும். 1981-ஆம் ஆண்டு மே இறுதியும் ஜூன் தொடக்கமுமாகிய நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கு இரையாக்கப்பட்டபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சில, வேறெங்கும் படி இல்லாதன. இழந்தவற்றை மீட்டல் இயலாதாயினும், எஞ்சியவற்றையேனும் காத்தல் வேண்டுமென்னும் நோக்குடன் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய ‘நூலகம்’ என்னும் இணையத் தொகுப்பு, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து வருகின்றது.

மின்வடிவாயின் அச்சமில்லை என்று கருதுதல் தவறு. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தென் கொரியாவின் தேஜோன் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்களிற் பற்றிய தீ, அரசு ஊழியர்தம் கோப்புகள் 858 டெராபைட்டை அழித்துவிட்டது. அளவிற் பெரிதாயிருந்தமையால் அதற்கு வெளியிடத்துப் படி வைக்கப்படவில்லை. ‘பெரிது, ஆகவே அனுப்புதல் இயலாது’ என்னும் இவ்வெண்ணத்தையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நத்தத்தில் ஓர் அலுவலகத்துச் சர்வரில் 1 டெராபைட் அளவான ஆவணங்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றின் படியைச் சென்னையிலுள்ள மற்றொரு சர்வருக்கு இணையத்தின் வழியே அனுப்ப வேண்டும். அடுத்த அறையில் ஒரு படி வைத்தாற் போதாதோ எனின், போதாது. கூரையைப் பற்றும் தீ அறைகளைப் பிரித்தறியாது. சென்னையும் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்துள் அகப்பட்டதன்றோ எனின், உண்மையே. இரண்டிடத்திற்கும் ஒரே கேடு ஒருங்கே நேராதிருத்தலே இங்கு வேண்டுவது.

இனிக் கணக்கைக் காண்போம். வட்டின் கொள்ளளவு பைட்டுகளாலும், இணையத்தின் வேகம் பிட்டுகளாலும் கூறப்படும். 8 பிட் கொண்டது 1 பைட். இவ்வேறுபாட்டை மறந்தோர் காலத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்டு ஏமாறுவர். மேலும், பல இணைப்புகளில் பெறும் வேகத்தினும் அனுப்பும் வேகம் குறைவாகவே இருக்கும். நமக்கு வேண்டுவது அனுப்பும் வேகமே. அது வினாடிக்கு 10 மெகாபிட், அஃதாவது 1 கோடி பிட் என்க. 1 டெராபைட் என்பது 8 லட்சம் கோடி பிட். வகுத்தால் வருவது 8 லட்சம் வினாடி. அது 9 நாளும் ஏறத்தாழ 6 மணி நேரமுமாம். இடையில் மின்சாரமோ இணைப்போ அற்றுப் போகாதிருந்தாலே இக்கணக்கு நிற்கும்.

ஆதலின் அறிந்தோர் இரு வழிகளைக் கைக்கொள்வர். முதற் படியை இணையத்தில் அனுப்பாது, ஹார்ட் டிஸ்கில் எழுதிப் பேருந்திலோ ரயிலிலோ நேரே கொண்டு சேர்த்தல் ஒன்று. ஓரிரவுப் பயணத்தில் ஒன்பது நாள் வேலை முடிந்துவிடும். அதன்பின் நாள்தோறும் மாறியவற்றை மட்டும் இணையத்தில் அனுப்புதல் மற்றொன்று. நூற்றில் ஒரு பங்கு மாறிற்றாயின் அனுப்ப வேண்டுவது 10 கிகாபைட். அது 8,000 வினாடியில், அஃதாவது 2 மணி 13 நிமிடத்தில் முடியும்.

மாறியதனை அறிவது எங்ஙனம்? 1996-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் என்னும் இருவர் ‘ஆர்சிங்க்’ என்னும் முறையை வெளியிட்டனர். பழைய படியை உடைய தொலைவிடச் சர்வர், அதனைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிற்கும் சரிபார்ப்பு எண்கள் கணித்து அவ்வெண்களை மட்டும் அனுப்பும். அனுப்புஞ் சர்வர் தன் புதிய கோப்பை அவ்வெண்களுடன் ஒப்பிட்டு, பொருந்தாத பகுதிகளை மட்டும் விடுக்கும். முழுக் கோப்பும் வழியிற் செல்லாமலே இருபுறமும் ஒன்றாகிவிடும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, படி எடுத்தல் பிழையையும் படி எடுக்கும். ஒருவர் தவறி அழித்த கோப்பு, அன்றிரவே தொலைவிடத்தும் அழிந்துபோகலாம். ஆதலின் நேற்றைய நிலையையும், சென்ற மாதத்து நிலையையும் தனித்தனியே பேணுதல் வேண்டும். இரண்டாவது, வழியிலும் அவ்விடத்தும் பிறர் படிக்கவியலாதபடி மறைக்குறியாக்கி அனுப்புக. அம்மறைத்திறவு ஒரே அறையிற் கிடந்து எரிந்துபோமாயின், எஞ்சிய படியும் பயனிலதாம். மூன்றாவது, மீட்டுப் பார்த்தறியாத படியைப் படி என்று நம்பற்க. குறித்த காலந்தோறும் சில கோப்புகளைத் தொலைவிடத்தினின்றும் திரும்பப் பெற்றுத் திறந்து பார்த்தல் வேண்டும்.

மணவாளன் வந்த நள்ளிரவில் எண்ணெய் வாங்கச் சென்ற கன்னிகையரின் கதையை நம் மாணவர் அறிவர். அவர்களிடத்தும் தீவட்டி இருந்தது. மிகுதியாக எண்ணெய் மட்டுமே இல்லை. நம் கல்லூரியின் பழைய இதழ்கள், நிழற்படங்கள், மாணவர் பதிவேடுகள் ஆகியன மின்வடிவம் பெறுங் காலம் இது. அவற்றின் மற்றொரு படி எவ்வூரில் உள்ளது என்று கேட்டறிதல், பயிலும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒப்பவே உரிய கடமையாகும்.