மீரியபெத்தை தரும் பாடம்

மண்சரிவினால் இடம்பெயர்ந்து, இன்று சிறு காணிகளில் மரக்கறி செய்து வாழும் ஊவா மாகாணக் குடும்பங்களுக்காக இப்பாடம் எழுதப்படுகின்றது. மலை ஏன் சரிகின்றது, சரியுமுன் என்ன அடையாளம் காட்டுகின்றது, அடையாளம் கண்டவர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பவற்றை ஆராய்வோம். மூன்றாவது கேள்விதான் கடினமானது.

பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்தை. அது அம்பிட்டிகந்தை தோட்டத்தின் ஒரு டிவிசன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மேலே இருந்த மலை சரிந்து வந்து லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் தப்பினர். வீட்டில் இருந்தோர் மண்ணுக்குள் போயினர். பலருடைய சடலங்கள் கிடைக்கவேயில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்தி பரவியது. பின்னர் அந்தத் தொகை நாற்பதுக்கும் கீழே வந்தது. யார் எந்தக் காம்பிராவில் இருந்தார் என்று சொல்ல ஒழுங்கான பதிவு கையில் இல்லாததே இக்குழப்பத்திற்குக் காரணம்.

லயங்கள் நின்ற இடத்தைக் கவனியுங்கள். செங்குத்தான மலைமுகத்தின் அடிவாரம் அது. முற்காலத்தில் மேலிருந்து உருண்டும் சரிந்தும் வந்த கல்லும் மண்ணும் அங்கே குவிந்து கிடந்தன. பார்வைக்கு அது நல்ல நிலம்: ஆழமான மண், ஊற்று நீர், ஓரளவு சமதரை. ஆனால் அடியில் உள்ள பாறையோடு அந்த மண் ஒட்டிப் பிடித்திருப்பதில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். அளவான தண்ணீர் மாவை ஒன்றாகப் பிடிக்கும். அளவு மிஞ்சினால் மாவு கையில் நில்லாது வழியும். பல நாள் மழை மண்ணுக்குள் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கும்போது மலையிலும் இதுவே நடக்கின்றது.

தேயிலை மலைகளில் கான் வெட்டுவது சும்மா ஏற்பட்ட வழக்கமல்ல. மழைநீரை மண்ணுக்குள் விடாது ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கானின் வேலை. கான் தூர்ந்து, தேயிலை காடாகிப் போன மலையில் தண்ணீர் தான் விரும்பிய வழியில் இறங்கும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும், மீண்டும் 2011இலும், மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று அனர்த்தத்தின் பின் பலர் கேட்டார்கள். எங்கே போவது? தோட்ட நிலம் அரசுக்குச் சொந்தம், நிர்வாகம் கம்பனியிடம், லயம் வேலையோடு சேர்ந்தது. மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை ஆலயத்தில் கேட்கின்றோம். அவன் தன் இடத்தைத் தானே தெரிந்தெடுத்தான். லயத்துக்காரன் தெரிந்தெடுக்கவில்லை. மாற்றுக் காணி காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

தப்பியவர்களில் பல குடும்பங்கள் மாக்கல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தன. 2016 ஒக்டோபரில் அப்பகுதியிலேயே 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மலை சரிந்து மேலும் பல குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுவதும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மீரியபெத்தை ஒரு தனிச் சம்பவமன்று.

நமது நாட்டில் மட்டும் நடப்பதுமன்று. மீரியபெத்தை புதைந்து 44 நாட்களில், 2014 டிசெம்பர் 12ஆம் திகதி, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஜெம்ப்ளுங் என்ற சிற்றூர் புதைந்தது. பஞ்சர்நெகாரா மாவட்டத்தில் உள்ள மலைக் கிராமம் அது. 90 பேருக்கு மேல் மாண்டனர். அங்குள்ளோர் தோட்டத் தொழிலாளர் அல்லர். சலாக் பழமும் மரக்கறியும் பயிரிட்ட சிறு விவசாயிகள். ஆழமான எரிமலை மண், செங்குத்தான சரிவு, ஆழ வேரூன்றாத பயிர், பல நாள் மழை. காணி உறுதி பெட்டிக்குள் இருந்தாலும் மலை அதைப் பார்ப்பதில்லை. ஆகவே உறுதி கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாம் இருந்துவிட முடியாது.

அதே பஞ்சர்நெகாரா மாவட்டத்தில் நல்ல உதாரணமும் உண்டு. காஜா மாடா பல்கலைக்கழகத்தினர் ஊர் மக்களோடு சேர்ந்து கலித்தெலாகா கிராமத்தில் ஓர் எளிய கருவியைப் பொருத்தினர். மண்ணில் வெடிப்பு விரிந்தால் கம்பி இழுபட்டு சங்கு ஊதும். 2007இல் அது ஊதியபோது, சரிவுக்கு முன்னரே குடும்பங்கள் வெளியேறின. கருவி இல்லாவிட்டாலும் இதை நாம் செய்யலாம். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைத்தூரத்தை மழைக்காலத்தில் தினமும் அளந்து எழுதுங்கள். தூரம் கூடினால் மலை நகர்கின்றது என்று பொருள். ஜாவாக் கிராமங்களில் ஆபத்தை அறிவிக்க மரக்குழலைத் தட்டுவார்கள். நம்மிடம் தப்பு இருக்கின்றது. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு அழைத்த தப்பு, இன்று உயிர் காக்கவும் உதவும்.

மழையை அளப்பதும் எளிது. நேர் சுவருள்ள, எட்டு அங்குலமாவது உயரமான தகர டின் ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் பெய்து மழை தொடர்ந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர், நான்கு அங்குலம் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர், ஆறு அங்குலம் என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் மூன்று அங்குலம் பெய்தால், வெளியேறியே ஆகவேண்டும். கதவு திடீரென இறுகுதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், புதிய ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இனிப் பயிர்ச்செய்கை பற்றி ஒரு வார்த்தை. நீரைத் தேக்கக் குழி வெட்டுங்கள் என்று பல கைநூல்கள் சொல்லும். மொனராகலை போன்ற வரண்ட பகுதியில் அது நல்ல ஆலோசனை. சரியும் மலையில் அது ஆபத்து. இங்கே நீரைத் தேக்காமல் மெதுவாக வெளியே அனுப்ப வேண்டும். வீட்டுக் கழிவுநீரையும் மேட்டில் ஊற்றாமல் கானுக்கு விடுங்கள். போஞ்சி, கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளை மேலிருந்து கீழாக அல்ல, சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு திருச்சபைப் பண்ணை 1970களில் காட்டிய முறையில், சமவுயரக் கோட்டில் கிளிரிசீடியாவை நெருக்கமாக வேலி போல நட்டு, தழையை வெட்டிப் பசளையாக இடலாம். வெட்டிவேரும் நல்லது. ஆனால் இவை மேல்மண்ணைத்தான் பிடிக்கும். பல அடி ஆழத்தில் நகரும் மலையை எந்த வேலியும் நிறுத்தாது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: நமது குடியிருப்பில் இன்றிரவு எத்தனை பேர் உறங்குகின்றனர்? அந்தப் பெயர்ப்பட்டியல் யார் கையில் உள்ளது? நமக்கு மேலேயுள்ள கான்களை கடைசியாகத் துப்புரவு செய்தது எப்போது, செய்ய வேண்டியவர் யார்? நடு இரவில் தப்பு அடித்தால், நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, எந்தப் பாதையால், எந்தக் கட்டடத்திற்கு?