பாடத்துக்கு ஒரு மனசு

"எனக்கு மேத்ஸ் வராது", "இங்கிலீஷ்னாலே பயம்" என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் முதல் வருடத்திலேயே அரியர் மூட்டையைத் தூக்கிவிடுகிறோம். சிலர் டிப்ளமோவையே பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் மூளை குறைவு என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு பாடமும் நம்மிடம் ஒவ்வொரு மனசைக் கேட்கிறது. நாம் எல்லாவற்றுக்கும் ஒரே மனசோடு போய் உட்காருகிறோம்.

எனக்கு டிராயிங் ஷீட்டைப் பிரித்தாலே குஷி. ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு மருந்து எங்கள் ஊர் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார் சீகன்பால்கு. ஜெர்மனியில் படித்தவர், வயது 24 ஆக ஒரு நாள் பாக்கி. தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். பொடிசுகள் சிரித்திருக்க மாட்டார்களா என்ன? மொழிப்பாடம் கேட்பது அந்த மனசைத்தான். வெட்கத்தைக் கழற்றி வைக்கணும். இப்போது நான் ஆறாவது படிக்கும் தங்கையின் ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்கிறேன். அவள்தான் எனக்கு வாத்தியார்!

அதே தமிழ் எழுத்து அச்சுக்கூடத்துக்குப் போனதும் வேறு பாடமாகிவிட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இலக்கணம் தெரிந்தால் மட்டும் ஈயம் வார்க்க வருமா? அதற்குச் சூடும் அளவும் தெரிந்த கை வேணும். நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிப்பவனுக்கு இது புரியும்.

கணக்கு என்றால் கும்பகோணம் ராமானுஜன். 1904-ல் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், மற்ற பாடங்களில் மனம் ஒட்டாமல் உதவித்தொகையை இழந்தார். "நானும் ராமானுஜன் மாதிரிதான்" என்று இதைச் சாக்காகச் சொல்பவர்கள் நம் ஹாஸ்டலில் உண்டு. அவர் நோட்டு நோட்டாகக் கணக்குப் போட்டார் சாமி!

டிராயிங் பிடிபடாதவர்களுக்கு ஒரு யோசனை. அங்கே யோசிக்க வேண்டியது கண். குளிக்கும் சோப்பைப் படத்தில் உள்ள மாதிரி படியாக வெட்டி, கண்மட்டத்தில் வைத்து முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தெரிவதை மட்டும் கோடாகப் போடுங்கள், மறைந்திருப்பதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். நாலு சோப்பு வெட்டினால் போதும். வெட்டின துண்டும் வீணாகாது, குளித்துவிடலாம்.