தலைகீழ்க் கேன், பழைய போர்வை: தானே நனையும் நாற்று மேடை

98 குழி கொண்ட நாற்றுத் தட்டில் ஒரு குழியின் ஆழம் சுமார் 4 செ.மீ. அதற்குள் இருக்கும் தென்னை நார்க்கழிவுக் கலவை இரண்டு மூன்று சிட்டிகைதான். சித்திரை வெயிலில் ஒரு வேளை தண்ணீர் தவறினால், காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்று மாலையில் துவண்டு கிடக்கும். அதற்குப் பயந்து பூவாளியை அடிக்கடி கையில் எடுத்தால் நாற்றழுகல் வரும். கலவையைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல் மெலிந்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். ஆகவே தானியங்கிப் பாசனத்தில் தண்ணீரைத் திறந்துவிடுவது சுலபம், நிறுத்துவதுதான் கடினம். டைமர் வைத்த மோட்டாருக்கு மேகமூட்டமும் வெயிலும் ஒன்றுதான். நாற்று குடித்த அளவுக்கு மட்டும் தண்ணீர் தருகிற அமைப்புக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

இரண்டு பழகிய பொருள்களின் சேர்க்கை இது. அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், போர்வைத் துணி தொட்டித் தண்ணீரைத் தட்டின் அடிக்கு ஏற்றுகிறது. தொட்டியில் நீர்மட்டம் குறையாமல் காப்பது, வீட்டில் குடிதண்ணீர் டிஸ்பென்சர்மேல் கவிழ்த்து வைக்கும் 20 லிட்டர் கேன். மட்டம் கேனின் வாய்க்குக் கீழே இறங்கினால் ‘குளுக்’ என்று ஒரு காற்றுக்குமிழி உள்ளே போகும். அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். வாய் மறுபடி மூழ்கியதும் நின்றுவிடும்.

நான்கு தட்டு வைக்கும் மேடைக்கு உள்ளளவு 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் போதும். தட்டு ஒன்று ஏறத்தாழ 54 செ.மீ.க்கு 28 செ.மீ. இருக்கும், இரண்டிரண்டாக வைத்தால் 110 செ.மீ. நீளத்தில் அடங்கும். மிச்ச இடம் கேனுக்கு. நான்கு தட்டில் 392 நாற்று. தக்காளியை 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் இரண்டரைச் சென்ட் நிலத்துக்குக் காணும்.

முதல் வேலை தொட்டி. 10 செ.மீ. உயரப் பலகையால் சட்டம் அடிக்கலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வரிசை கட்டினாலும் சரிதான். உள்ளே ஓட்டையில்லாத தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்து, விளிம்புகளை வெளியே மடக்கிவிட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் விளிம்பை 6 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்திவிட்டால், மழை பெய்தால் உபரித் தண்ணீர் அந்த வழியாகப் போய்விடும். விரிப்பதற்கு முன்பே ரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபார்ப்பது அவசியம். ஒரு கோடி ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் அந்தப் பக்கத்து நாற்று ஊறிப்போகும், எதிர்ப்பக்கம் காயும். இந்த அமைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தொட்டிக்குள் செங்கற்களைப் படுக்கையாக அடுக்கினால் ஏழு, ஏழரை செ.மீ. உயரம் கிடைக்கும். அவற்றின்மேல் 20 செ.மீ. அகலப் பலகைகளையோ பி.வி.சி. பட்டைகளையோ குறுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 செ.மீ. சந்து விட வேண்டும். மேலே போர்வை. பருத்திப் போர்வை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஒரு பருவத்துக்குள் மக்கிவிடும். பழைய பாலியஸ்டர் கம்பளிப் போர்வை பல முறைக்கு வரும். புதிதாக வாங்கியதாக இருந்தால் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினால்தான் தண்ணீரை இழுக்கும். விரிக்கும்போது ஒவ்வொரு சந்திலும் போர்வையை மடித்து, மடிப்பு தொட்டியின் தரையைத் தொடுமளவுக்குத் தொங்கவிட வேண்டும். இந்த மடிப்புகள்தான் திரி. ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டால் நடுப்பகுதிக்குத் தண்ணீர் வந்து சேராது.

கேனுக்கு, தொட்டியின் காலிக் கோடியில் இரண்டு செங்கற்களை எதிரெதிரே வைத்து, அவற்றின்மேல் நடுவில் வட்ட ஓட்டை போட்ட தடித்த பலகையை வைக்க வேண்டும். கழுத்து ஓட்டைக்குள் இறங்கி, கேனின் தோள் பலகையில் உட்காரும். நிரம்பிய கேன் 20 கிலோவுக்கு மேல் இருப்பதால் பலகை ஆடக் கூடாது. கழுத்து நீளம் கேனுக்குக் கேன் மாறும். ஆகவே காலிக் கேனைக் கவிழ்த்து வைத்து, வாய் தொட்டித் தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்வது நல்லது. அதுதான் நீர்மட்டம். பலகைக்கு அடியில் ஓட்டுத்துண்டு சொருகினால் மட்டம் ஏறும், உருவினால் இறங்கும். நாற்றின் ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற ஒரே திருகாணி இந்த ஓட்டுத்துண்டு. மட்டம் 4 செ.மீ. இருந்தால் தட்டு நன்றாக நனையும், 2 செ.மீ.க்கு இறங்கினால் திரி ஏற வேண்டிய உயரம் கூடி, கலவை ஓரளவு உலர்வாகவே நிற்கும்.

முதல் முறை தொட்டியை வாளியால் நிரப்பிவிட்டு, பிறகு கேனைக் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் முழுக் கேனும் தொட்டியை நிரப்பவே காலியாகும். நான்கு தட்டின் பரப்பு 0.6 சதுர மீட்டர். நிழல்வலைக்கு அடியில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால் 3 லிட்டர் ஆகிறது. ஒரு கேன் ஆறு நாள் ஓடும். காற்று வீசும் நாட்களில் அதற்குள் தீரலாம். கேன்மேல் நேர் வெயில் படக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, தேவையில்லாத தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். ஈரச் சாக்கு போர்த்தினாலே போதும்.

இனி தட்டு நிரப்புவது. கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவை ஊறவைத்து, கறுப்புத் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு இறங்கிவிடும். கையில் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது, அதுதான் பதம். தட்டு ஒன்றுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும். குழியின் அடி ஓட்டைவரை கலவை இறங்கியிருக்க வேண்டும். ஓட்டையில் காற்றிடைவெளி இருந்தால் போர்வையின் ஈரம் அந்தக் குழிக்கு ஏறவே ஏறாது.

விதைக் குழி போட விரலால் 98 தடவை குத்த வேண்டியதில்லை. நிரப்பிய தட்டின்மேல் ஒரு காலித் தட்டை வைத்து லேசாக அழுத்தினால் எல்லாக் குழியிலும் ஒரே ஆழத்தில் பள்ளம் விழும். அடிக்கடி விதைப்பவர்கள் ஒரு பலகையில் ஏழுக்குப் பதினான்காக போல்ட்டுகளை முறுக்கி அழுத்துக்கட்டை செய்துகொள்ளலாம். போல்ட்டின் தலை அரை செ.மீ. நீண்டிருந்தால் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அளவான ஆழம். குழிக்கு ஒரு விதை போட்டு, நார்க்கழிவைத் தூவி மூட வேண்டும். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி வைத்தால் மூன்று முதல் ஆறு நாளில் முளை தெரியும். முளை தலைகாட்டிய அன்றே பிரிக்காவிட்டால் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

பிரித்த தட்டுகளை மேடைமேல் வைத்ததும் பூவாளியால் ஒரு முறை மேலிருந்து நன்றாக நனைக்க வேண்டும். இந்த நனைப்புதான் போர்வைக்கும் கலவைக்கும் ஈரத் தொடர்பை உண்டாக்குகிறது. அதன்பிறகு கேன் பார்த்துக்கொள்ளும். 50 சதவீத நிழல்வலை போதுமானது. பதினெட்டாம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மேலேயே ஊற்றலாம். தொட்டியில் கலந்தால் பாசிதான் செழிக்கும்.

விடாமல் செய்ய வேண்டியவை மூன்று. அடியிலிருந்தே ஈரம் ஏறுவதால் கலவையின் மேற்பரப்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். வாரம் ஒரு முறை மேலிருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். வேர் ஓட்டை வழியே இறங்கிப் போர்வையில் பின்னிக்கொள்ளும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தட்டைத் தூக்கித் திருப்பி வைப்பது நல்லது. மூன்றாவதைத் தட்டிக் கழிக்கவே கூடாது. நிழலில் நிற்கும் தெளிந்த தண்ணீர் டெங்கு கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். திறந்த நீர்ப்பரப்பைக் கொசுவலையால் இறுக மூடி, வாரம் ஒரு நாள் தொட்டியை முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குச் சோம்பினால் செய்து வைத்தது நாற்று மேடை அல்ல, கொசுப் பண்ணை.

தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் தயாராகும். நடுவதற்கு நான்கைந்து நாள் முன்பே கேனை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும். இலை லேசாகத் தொய்ந்த பிறகு மட்டும் பூவாளியால் தெளித்தால் நாற்று கெட்டிப்படும். தண்டைப் பிடித்து மெல்ல இழுக்கும்போது வெள்ளை வேர் பின்னிய கலவை குழியின் வடிவிலேயே முழுசாக வெளியே வந்தால் நடலாம். உதிர்ந்தால் இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும். காலியான மேடையில் போர்வையைத் துவைத்து வெயிலில் மொறமொறவென்று காயப்போட்டு, தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கி அலசி வைத்தால் அடுத்த விதைப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.