கைத்தொலைபேசியோடு போய்விட்ட கடை அறிவு

எமது கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்று ஊழியர்கள் பலர், முதலாளிக்குத் தெரியாமலே தமது சொந்தக் கைத்தொலைபேசியில் கடை வேலைகளைச் செய்கின்றனர். விலை கேட்பது, பொருளைப் படமெடுத்து அனுப்புவது, செட்ஜிபிடியிடம் கடிதம் எழுதி வாங்குவது என்று இது நீள்கிறது. நிறுவனத்தின் அனுமதியின்றி இவ்வாறு பாவிக்கப்படும் சாதனங்களையும் மென்பொருள்களையும் முகாமைத்துவத் துறையினர் ‘நிழல் தொழில்நுட்பம்’ என்கின்றனர். இது குற்றமா, திறமையா? எனது அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பளையில் நான் வாகன உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். வேலை நேரத்தில் கைத்தொலைபேசி பாவிக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். என்னிடம் வேலை செய்த ஒரு தம்பி, எந்தப் பழைய பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் சற்று நேரத்தில் அதற்குச் சரியான பாகத்தைச் சொல்லிவிடுவார். ஒரு வாகனத்தின் பாகம் வேறெந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்பதும் அவருக்கு அத்துப்படி. நல்ல ஞாபகசக்தி என்றே நான் நினைத்திருந்தேன்.

அவர் கட்டாருக்குச் சென்ற பிறகுதான் விடயம் தெரியவந்தது. பின்னறைக்குள் சென்று பாகத்தைப் படமெடுத்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி விடை பெற்றிருக்கிறார். மூன்று வருடத்து விடைகளும் விலைகளும் வாடிக்கையாளர்களின் இலக்கங்களும் அவரது தொலைபேசியோடு போய்விட்டன. அதன்பின் எத்தனையோ பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நேர்ந்தது.

“ஏன் தம்பி எனக்குச் சொல்லவில்லை?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“நீங்க போன் வாணாம் எண்டு சொன்னீங்க நானா. சொன்னா ஏசுவீங்க எண்டு பயம்” என்றார்.

எனது தடை தொலைபேசியை நிறுத்தவில்லை. அவர் கற்றது எங்களிடம் வந்து சேர்வதைத்தான் நிறுத்தியது.

பெரிய நிறுவனங்களும் இப்பிரச்சினைக்கு முகங்கொடுக்கின்றன. ஊழியர்கள் வட்ஸ்அப் போன்றவற்றில் வியாபாரம் பேசியும் அவற்றின் பதிவுகளைப் பேணாததால், 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் 16 நிதி நிறுவனங்கள் மீது அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணைக்குழு 110 கோடி டொலருக்கும் அதிகமான தண்டப்பணம் விதித்தது. 2023இல் சம்சுங் ஊழியர்கள் நிறுவனத்தின் இரகசிய மென்பொருள் வரிகளைச் செட்ஜிபிடியில் இட்டதால், அத்தகைய கருவிகளை அந்நிறுவனம் தடை செய்தது. எனவே அபாயம் உண்மையானது. ஆனால் தடை மட்டும் போதாது என்பதற்கு எனது கடையே சாட்சி.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) மதீனாவை எதிரிப்படை நெருங்கியபோது அகழி தோண்டும் யோசனையைச் சொன்னவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள். அரபிகளுக்குப் பழக்கமில்லாத அம்முறையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதோடு, தாமும் சேர்ந்து தோண்டினார்கள். புதியவர் ஒருவர் தாம் அறிந்ததைப் பயமின்றிச் சொல்லும் சபை அது. நமது கடைகளில் அந்த மஷூரா இருக்கிறதா?

நான் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் இவை:

1. கடையின் பெயரில் ஒரு சிம், ஒரு தொலைபேசி. வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஊழியர் மாறினாலும் இலக்கங்களும் உரையாடல்களும் கடையிலேயே இருக்கும்.

2. வியாழன் மாலையில் பத்து நிமிடம் மஷூரா. அந்த வாரம் யார் எதைக் கற்றார், எந்தப் புதிய வழியைக் கண்டார் என்று கேட்கிறேன். ஏசுவதில்லை. கண்டுபிடித்தவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறேன்.

3. விடை கிடைத்ததும் கொப்பியில் எழுதுதல். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாகும். கடனை எழுதும் நாம் கடையின் அறிவையும் எழுதினால் என்ன?

4. வெளியே அனுப்பக் கூடாதவை எவை என்பதைத் தெளிவாகச் சொல்லுதல். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதி, வங்கி விபரம், கடன் கணக்கு ஆகியன அமானிதம். எமது பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. சட்டம் கேட்கும் முன்னரே நமது மார்க்கம் அமானிதத்தைப் பேணச் சொல்லிவிட்டது.

கட்டாரிலுள்ள தம்பி, நான் கேட்டதும் தன்னிடமிருந்த படங்களையும் விடைகளையும் கடை இலக்கத்துக்கு அனுப்பிவைத்தார். புதிதாகச் சேர்ந்த பையன் இன்று அதில் தேடித்தான் பாகம் எடுத்துக் கொடுக்கிறான். கேட்டிருந்தால் அவர் அன்றே தந்திருப்பார். முதலாளிமார்களே, உங்கள் ஊழியர் நாளை வெளிநாடு போக முன்னர், இன்றே அவரை அழைத்து, “நீங்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று அன்பாகக் கேளுங்கள். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.