காட்டு வாயிலில் விருந்தோம்பல்

நுழையும் முன்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றின் பெயரும் 'விருந்து' என்பதே. பின்னர் அச்சொல் புதிதாக வரும் மனிதரையும், அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. 'ஓம்பல்' என்றால் காத்தல். வீட்டிற்கு வரும் விருந்தினரை வீட்டார் ஓம்புவர். காட்டிற்கு வரும் விருந்தினரை ஓம்புவோர் யார்? அவர்களிடமிருந்து காட்டை ஓம்புவோர் யார்? இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்யும் சிலரை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

அமெரிக்காவில் ஊர்தியையே வீடாகக் கொண்டு வாழும் முதியோர் பலர் உளர். பணி ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியவை அமைந்த பெரிய ஊர்தி ஒன்றில் குடியேறிவிடுவர். கோடையில் வடக்கே மலைப்பகுதிகளிலும், குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களிலும் தங்குவர். வலசை போகும் பறவைகளை ஒத்த இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்றே அந்நாட்டார் அழைக்கின்றனர்.

இவ்வாறு வாழ்வோருள் ஒரு பகுதியினர் காட்டு முகாம்களில் தன்னார்வப் பணி ஏற்கின்றனர். முகாமின் நுழைவாயிலுக்கு அருகில் அவர்தம் ஊர்தியை நிறுத்த இடம் ஒதுக்கப்படும். பெரும்பாலும் குடிநீரும் மின்சாரமும் கழிவுநீர் இணைப்பும் கிடைக்கும். வாடகை இல்லை, ஊதியமும் இல்லை. அதற்கு ஈடாக அவர்கள் வருவோரை வரவேற்று விதிகளை விளக்குவர். கழிப்பறைகளைத் தூய்மை செய்வர். முந்தைய இரவு மூட்டிய தீ முற்றிலும் அணைந்துவிட்டதா என்று சாம்பலைக் கிளறிப் பார்ப்பர். உணவை வெளியே வைத்தால் கரடி வரும் என்பதை ஒவ்வொரு குடும்பத்திற்கும் சலியாமல் சொல்வதும் இவர்களது வேலையே. இவர்களை 'முகாம் ஓம்புநர்' எனலாம். இவர்களுக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. கனிவாகச் சொல்லலாம், கேளாவிடில் வனக்காவலருக்குத் தெரிவிக்கலாம். அவ்வளவே.

இப்பணிக்குச் சட்டப் பின்புலமும் உண்டு. தேசியக் காடுகளில் தன்னார்வலரை அமர்த்த வகைசெய்யும் சட்டம் 1972ஆம் ஆண்டு அங்கு இயற்றப்பட்டது. பணியின்போது காயமுற்றால், அரசு ஊழியருக்குக் கிடைப்பது போன்ற இழப்பீடு தன்னார்வலருக்கும் கிடைக்கும். 250 மணி நேரம் பணிபுரிந்தவர் நாட்டின் தேசியப் பூங்காக்களுள் ஓராண்டு கட்டணமின்றி நுழைவதற்கான அனுமதிச் சீட்டும் பெறலாம். ஊதியம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று அங்கு விட்டுவிடவில்லை. இது கருதத்தக்கது.

வீட்டு ஊர்தி கேரளத்திற்கும் வந்துவிட்டது. மாநிலச் சுற்றுலாத் துறை 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புல்வெளிக் குன்றுகளுக்கிடையே ஊர்தியை நிறுத்திவிட்டு அதனுள்ளேயே உறங்கி எழலாம். ஆனால், இவ்வூர்திகள் விடுமுறைக்காக வாடகைக்கு எடுக்கப்படுபவை. அவற்றையே வீடாக்கிக்கொண்டு முகாமைக் காக்கும் முதியோர் இங்கு இல்லை. காட்டை ஓம்பும் பணி இங்கு வேறு கைகளில் இருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளத்தை முதலில் நோக்குவோம். 2010ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காடு கேரளத்திற்கு உரியது. எனினும் பாலக்காட்டிலிருந்து சாலை வழியே அங்குச் செல்வோர் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் ஆகிய இடங்களைக் கடந்தே செல்ல வேண்டும். தன் வீட்டின் கொல்லைப்புறத்திற்கு அடுத்த வீட்டு வாசல் வழியாகச் செல்வதைப் போன்றது இது! காட்டினுள் விரும்பிய இடத்தில் ஊர்தியை நிறுத்தி இரவைக் கழிக்க இயலாது. வனத்துறை அமைத்துள்ள கூடாரங்களிலும் மரவீடுகளிலுமே தங்க வேண்டும். காடர், மலசர், முதுவர், மலைமலசர் ஆகிய பழங்குடியினர் அங்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகின்றனர். விருந்தினர் ஓரிரவு தங்கிச் செல்லும் காடு, அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வீடு.

இடுக்கியின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் இக்கதை இன்னும் வியப்பானது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் எல்லையில் குமுளி என்னும் ஊர் வரும். அதனை அடுத்துள்ளது தேக்கடி. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து பரந்துள்ளது இக்காப்பகம். இதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய காட்டைச் சில நூறு காவலர்களால் மட்டும் காத்துவிட முடியாது.

இக்காட்டில் காட்டு இலவங்க மரங்கள் உண்டு. மலையாளத்தில் 'வயணா' என வழங்கும் அம்மரத்தின் பட்டைக்கு நறுமணச் சந்தையில் நல்ல விலை. 1990களில் குமுளிப் பகுதியைச் சேர்ந்த சிலர் நாள்கணக்கில் காட்டினுள் மறைந்து தங்கிப் பட்டையை உரித்துச் சுமந்து வந்து விற்றனர். பட்டை உரிக்கப்பட்ட மரம் பிழைப்பதரிது. காவலரைக் கண்டால் ஓட்டம். பிடிபட்டால் வழக்கும் சிறையும். வருவாயின் பெரும்பகுதி இடைத்தரகரிடமே சென்றது. காட்டிற்கும் கேடு, அவர்தம் குடும்பங்களுக்கும் விடிவில்லை.

உலக வங்கியின் துணையுடன் 1996ஆம் ஆண்டு இந்தியாவின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அவ்வேழனுள் பெரியாறும் ஒன்று. காட்டைச் சார்ந்து வாழ்வோரை விலக்கிவைக்காமல் குழுக்களாக அமைத்து, காவலிலும் வருவாயிலும் பங்கு தருவதே இத்திட்டத்தின் நோக்கம். வனத்துறையினர் பட்டை உரித்தோரையும் அழைத்துப் பேசினர். இருபதுக்கும் மேற்பட்டோர் தொழிலைக் கைவிட்டுக் குழுவாயினர். வருவோரைக் காட்டினுள் நடத்திச் செல்லும் 'புலித்தடம்' என்னும் பயணம் அவர்கள் பொறுப்பில் விடப்பட்டது.

அப்பயணத்தில் ஒரு சிலரே ஒரு நேரத்தில் செல்ல முடியும். ஓரிரவோ ஈரிரவோ கூடாரத்தில் தங்குவர். கூடாரத்தையும் அரிசியையும் பாத்திரங்களையும் சுமப்போர் பழைய பட்டை உரிப்போரே. சமைத்துப் பரிமாறுவோரும் அவர்களே. ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவர் உடன் செல்வார். யானை எப்பக்கம் நிற்கிறது என்பதைக் காற்றின் மணத்தாலும் ஒடிந்த கிளையின் ஈரத்தாலும் அறியும் திறனை அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. ஒளிந்து திரிந்த காலத்தில் உயிர் பிழைப்பதற்காகக் கற்றது, இன்று விருந்தினரின் உயிரைக் காக்கிறது. கள்ளத் தடங்களை நன்கறிந்தவர்கள் என்பதால், புதிதாகக் காட்டினுள் நுழையும் திருடர்களைக் கண்டறிவதிலும் வனத்துறைக்குத் துணை நிற்கின்றனர். இவர்களுக்கு ஊதியம் உண்டு. அது சலுகையன்று, உழைப்பின் விலை.

ஊதியம் பெறாத காவலரும் அதே காட்டில் உளர். அவர்கள் பெண்கள். குமுளியைச் சுற்றியுள்ள குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு பெண்கள் 2002ஆம் ஆண்டு 'வசந்த சேனை' என்னும் பெயரில் ஒன்றுகூடினர். முறை வைத்து, நாள்தோறும் ஐந்தாறு பேர் காட்டின் ஓரப் பகுதிகளில் சுற்றுக்காவல் செல்வர். உச்சிவேளை உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வர். சந்தன மரம் வெட்டப்பட்ட சுவடு உண்டா, விலங்குகளுக்குச் சுருக்குக் கண்ணி வைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொண்டே நடப்பர். சுற்றுலா வந்தோர் வீசிச் சென்ற நெகிழிப் பைகளைப் பொறுக்கிச் சேர்ப்பர்.

ஒரு சிறு கணக்கு இட்டுப் பார்க்கலாம். நூறு பேருள் நாளொன்றுக்கு ஆறு பேர் எனில், ஒருவருக்கு ஏறத்தாழ பதினேழு நாள்களுக்கு ஒருமுறை முறை வரும். ஆண்டுக்கு இருபது நாள்களுக்கு மேல். கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அது இருபது நாள் கூலி. ஓய்வூதியம் பெறும் அமெரிக்க முதியவர் தம் ஓய்வு நேரத்தைத் தருகிறார். அதற்கு ஈடாக நிழலும் நீரும் மின்சாரமும் பெறுகிறார். இப்பெண்களோ உழைத்து ஈட்டும் நாளையே எடுத்துத் தருகின்றனர். இரண்டையும் 'தன்னார்வம்' என்னும் ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் வறுமை போலும். இவர்களைப் புகழ்வது எளிது. இருபது நாளுக்கு ஈடாக ஊரும் அரசும் எதைத் தருவது என்பது கடினமான வினா. அவ்வினா எழும்போது, அமெரிக்கச் சட்டத்தில் உள்ள இழப்பீட்டுப் பிரிவை நினைவிற்கொள்வது நன்று.

அவர்கள் ஏன் செல்கின்றனர்? குமுளியின் கடைகள், விடுதிகள், படகுத்துறை எல்லாம் காட்டை நம்பியே உள்ளன. காடு குன்றினால் நீர் குன்றும். விலங்கு குன்றினால் வருவோர் குன்றுவர். இது ஒரு காரணம். ஆண்கள் மட்டுமே சுற்றித் திரிந்த காட்டில் பெண்கள் குழுவாக, அச்சமின்றி நடக்கின்றனர் என்பதும் சிறிய செய்தியன்று.

மாலையில் அவர்கள் காட்டை விட்டு வெளியேறும் நேரமும், படகுச் சவாரி முடித்த சுற்றுலாப் பயணியர் பேருந்து நிலையம் நோக்கித் திரும்பும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே சாலையில் இருசாராரும் நடக்கின்றனர். பெண்களின் கைகளில் வெறும் உணவுப் பாத்திரமும், நெகிழி நிறைந்த சாக்கும் இருக்கும். அவர்கள் யார் என்பதைப் பெரும்பாலான பயணியர் கேட்பதில்லை.

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: விருந்தோம்பல், அவ்வேழனுள், பிழைப்பதரிது.

ஆ. தொடரில் அமைத்து எழுதுக: வலசை, சுற்றுக்காவல், இடைத்தரகர்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. முகாம் ஓம்புநருக்கு இல்லாத அதிகாரம் யாது?
2. பாலக்காட்டிலிருந்து சாலை வழியே பறம்பிக்குளம் செல்வோர் கடக்கும் ஊர்கள் யாவை?
3. பட்டை உரித்தோர் பெற்றிருந்த எத்திறன் இன்று விருந்தினருக்குப் பயன்படுகிறது?

ஈ. விரிவாக எழுதுக.
1. புலித்தடக் குழுவினருக்கு ஊதியம் உண்டு. வசந்த சேனையினருக்கு இல்லை. இவ்வேறுபாடு முறையானதா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.
2. உம் ஊரில் ஊதியமின்றிப் பொது இடம் ஒன்றைக் காத்துவரும் ஒருவரைச் சந்தித்து, அவரது ஒருநாள் பணியை ஒரு பக்க அளவில் எழுதுக.