பூமிக்கும் ஓம் விதி உண்டு!
(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவர்)



"போர் போட்டாச்சு, புழுதிதான் பறக்குது" என்ற பேச்சைக் கேட்காத கோடை நம் சங்கரன்கோவில் பக்கம் கிடையாது. காரணம் என்ன? நம்முடையது கடினப் பாறைப் பூமி. அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட் போன்ற பாறைகள். இவற்றின் உடம்பில் தண்ணீர் ஊறாது. மேலே சிதைந்து உதிர்ந்த பகுதியிலும், வெடிப்புகளிலும்தான் தங்கும். அந்த இடத்தைத் தோண்டாமல் அறிய ஒரு வழிதான் மின்தடை அளவீடு. 1910-களில் பிரான்சில் ஷ்லும்பர்ஜேயும் அமெரிக்காவில் வென்னரும் இதற்கு வழி வகுத்தார்கள்.

தத்துவம் எளிது. காய்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. அதன் மின்தடை எண் பெரும்பாலும் ஆயிரம் ஓம்-மீட்டருக்கும் மேல். ஈரமுள்ள சிதைந்த பாறையில் அது சில பத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு வரை இறங்கும்.

செய்முறை: நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில், சம இடைவெளியில் (a) அடிக்க வேண்டும். வெளிக் கம்பிகள் வழியே மின்னோட்டம் (I) செலுத்தி, உள் கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் (V) அளக்க வேண்டும். 'ரெண்டு கம்பி போதாதா?' என்று கேட்கலாம். போதாது. கம்பி மண்ணைத் தொடும் இடத்துத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். தனியாக அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சூத்திரம்: மின்தடை எண் = 2 × 3.14 × a × (V/I)

ஒரு மாதிரிக் கணக்கு:
a = 10 மீ, V/I = 2 ஓம்; விடை 126
a = 20 மீ, V/I = 0.6 ஓம், விடை 75
a = 40 மீ, V/I = 0.35 ஓம், விடை 88

இடைவெளி கூடக் கூட மின்சாரம் ஆழமாக இறங்கும். ஆகவே மேலே காய்ந்த மண், நடுவே ஈரமான அடுக்கு, அதற்குக் கீழே கெட்டிப் பாறை என்று ஊகிக்கலாம். ஆனால் a-யே ஆழம் என்று எண்ணிவிடக் கூடாது. அளவுகளை வரைபடத்தாளில் குறித்து, மாதிரி வளைகோடுகளோடு ஒப்பிட்டே ஆழம் சொல்ல வேண்டும். இன்று கணினி அந்த வேலையைச் செய்கிறது.

எச்சரிக்கையும் உண்டு. எண் குறைந்தாலே நல்ல தண்ணீர் என்று துள்ளக் கூடாது. களிமண்ணும் உப்புத் தண்ணீரும் கூடக் குறைந்த எண்ணே காட்டும். கரிசல் காட்டில் இது முக்கியம். மிக ஆழத்தில் உள்ள மெல்லிய வெடிப்பு இதில் தெரியாமலும் போகலாம். பக்கத்தில் இரும்புக் குழாயோ கம்பி வேலியோ இருந்தால் கணக்கு தப்பும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க பெரியப்பா தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்து மூன்று போர் போட்டார். மூன்றும் பொய்த்தன, கடன்தான் மிச்சம். பணம் மட்டுமா? மூடாத குழி உயிருக்கே ஆபத்து. 2014 ஏப்ரலில் நம் ஊர் அருகே குத்தாலப்பேரியில் குழிக்குள் விழுந்த சிறுவனை, மதுரையிலிருந்து வந்த குழு ஒரு கருவியால் உயிரோடு மீட்டதை மறக்க முடியுமா?

எனவே தோழர்களே, போர் வண்டி வருமுன் நாலு கம்பி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாத குழியை அன்றே மூடச் சொல்லுங்கள். நம் படிப்பு முதலில் நம் காட்டுக்குப் பயன்படட்டும்!